வாழைச்சீப்பை நீட்டிய கை

அத்தியாயம் 7

ஜெலுத்தோங் சந்தைக்கு எதிரே, மோட்டார் சைக்கிள் பட்டறையின் மேல்மாடியில் இயங்கிய ஹமீதா துப்பறியும் நிலையம், காலை வேளைகளில் நுட்பமான சிந்தனைக்கு ஏற்ற இடமன்று. கீழே எவரேனும் ஓர் இயந்திரத்தை உறுமவிட்டால் மேலே மேசையிலிருக்கும் தேநீர்க் கோப்பைகள் தாமாகவே நகர ஆரம்பிக்கும். அன்று அந்த உறுமலையும் அடக்கிக்கொண்டு ஒலித்தது வடிவம்மாளின் குரல்.

"நான் கொரங்குக்குப் பழம் ஊட்டுனேனாம்! நாள் முழுக்கப் பழத்துக்கு நடுவுல நிக்கிறேன், எனக்கே ஒண்ணு உரிச்சு வாயில போட நேரமில்ல. கொரங்குக்கு ஊட்டுனேனாம்லா!"

தண்ணீர்மலை அடிவாரத்தில் பழமும் இளநீரும் விற்பவர் வடிவம்மாள். அவர் அழுவதற்கு வந்தவரல்லர். சண்டை போடுவதற்கு வந்தவர். சண்டை போட வேண்டிய ஆள் அங்கே இல்லாத காரணத்தால், இருந்த இருவரிடமும் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் நீட்டிய கைப்பேசியில் அந்தப் படம் இருந்தது. கடைக்குள்ளிருந்து வடிவம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டுகிறார். பழத்துக்கு ஒரு சாண் தள்ளி, கிளையொன்றில், கண்களைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட கருங்குரங்கு ஒன்று வயிற்றோடு அணைத்த ஆரஞ்சு நிறக் குட்டியுடன் அமர்ந்திருக்கிறது. இவ்வூரில் லோத்தோங் என்று அழைக்கப்படும் குரங்கு அது. படத்தின் கீழே ஒரு வாசகம்: 'இயற்கையின் எதிரி இவர்தாம்.' இட்டவர் பெயர் மோகனராஜ், வனவிலங்குப் படக்கலைக் கழகத்தின் தலைவர். பினாங்கில் பாதிப் பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். மீதிப் பேர் அதன் கீழே வடிவம்மாளைத் திட்டியிருந்தார்கள்.

"இன்னைக்கு மூணு மணிக்கு லைசென்ஸ் ஆபீசர் கடைக்கே வர்றாங்க. காட்டு மிருகத்துக்குத் தீனி போட்டது உண்மைன்னா லைசென்ஸ் கேன்சல். கடைய எடுத்துரணும்."

"எடுத்துட்டா என்ன செய்வீங்க வடிவம்மா?" என்று ஹமீதா கேட்டார்.

அப்போதுதான் அந்தக் குரல் இறங்கியது. "மக வீட்டுல ஒரு ரூம் இருக்கு. டிவி இருக்கு. 'சும்மா உக்காந்து பாரும்மா'ன்னு சொல்லுவா. நான் சும்மா உக்காந்து பழகல."

துப்பறியும் நிலையத்தின் உதவியாளனான குகன் படத்தை விரல்களால் விரித்துப் பார்த்தான். அவன் முன்னாளில் கல்யாணப் படப்பிடிப்பாளன். மணமகளின் தந்தை கொட்டாவி விட்ட காட்சியை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அவன் வைத்த நாளோடு அத்தொழில் அவனைக் கைவிட்டது.

"அக்கா, இது ஒட்டு வேலை. கொரங்கை எங்கேயோ புடிச்சு, அம்மா பக்கத்துல ஒட்டியிருக்கான். கண்ண மூடிக்கிட்டுச் சொல்றேன்."

"கண்ணைத் தொறந்து பாத்துட்டுச் சொல்லு. அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்" என்றார் ஹமீதா. மீரா சாகிப்பின் மகளான அவர், காப்புறுதி நிறுவனமொன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிப்பதையே பல்லாண்டுகள் பணியாகச் செய்தவர். ஒருவர் சொல்வதை முழுவதும் நம்புவது அவருக்கு உடல்நலத்துக்கு ஒவ்வாத பழக்கம். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வா. படத்தோட அப்பாவைப் போய்ப் பார்ப்போம்."

*

ஆர்மினியன் தெருவில், பழைய கடைவீடு ஒன்றின் கூடத்தில், கழகத்தின் ஆண்டுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. உறுப்பினர்கள் இலை நிறத்துச் சட்டையும், இலை நிறத்துக் கால்சட்டையும், இலை நிறத்துத் தொப்பியும் அணிந்து, வெள்ளைச் சுவர்களின் முன்னால் குளிர்சாதனக் காற்றில் நின்றிருந்தார்கள். அந்த இடத்தில் அவர்களை எந்த விலங்கும் தெருமுனையிலேயே கண்டுகொண்டு திரும்பிப் போயிருக்கும்.

தலைவர் மோகனராஜ் பணி ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். அவருக்குப் பக்கத்தில் இருந்த மெத்தை நாற்காலியில், இலை நிறத் துணி சுற்றிய அவருடைய தொலைநோக்கு லென்ஸ் அமர்ந்திருந்தது. அவருடைய மனைவிக்கு அங்கே நாற்காலி போடப்பட்டதாகத் தெரியவில்லை.

"அண்ணே, இது கேமராவா, கோட்டையில இருந்து கழட்டுன பீரங்கியா?" என்று குகன் வினவினான்.

"அறுநூறு மில்லிமீட்டர்" என்றார் மோகனராஜ், குழந்தையின் பெயரைச் சொல்வது போல. "இதுக்குக் கொறஞ்சத நாங்க லென்ஸுன்னு சொல்றதில்ல. கொறஞ்சது வச்சிருக்கறவங்க கூட்டத்துல பின் வரிசையிலதான் உக்காரணும். அது எங்க ரூல்."

"நான் கல்யாணத்துல அம்பதுலதான் எடுத்தேன்."

"அதான் இப்ப எடுக்கறதில்ல போல."

குகனுக்கு அது சுருக்கென்று தைத்தது. கழக விதிகளில் இரண்டாவதும் சுவரில் பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தது: 'நாம் வேட்டையாடுவதுமில்லை, வெட்டுவதுமில்லை.' எடுத்த படத்தின் ஓரங்களை நறுக்கி அழகுபடுத்துவதை இக்கழகத்தார் திருட்டுக்குச் சமமாகக் கருதினார்கள். கேமரா எதைக் கண்டதோ அதை முழுமையாகக் காட்டுவதே அவர்களுடைய கற்பு.

வடிவம்மாளின் படமும் முழுமையாக, ஆளுயரத்தில், சுவரில் தொங்கியது. மூலக் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று குகன் கேட்டதும் மோகனராஜ் மறுக்கவில்லை; மடிக்கணினியை மகிழ்ச்சியோடு திறந்து வைத்தார். குகன் நிழல்களைப் பார்த்தான். விளிம்புகளைப் பார்த்தான். குரங்கின் வாலைச் சுற்றி முடி முடியாகப் பார்த்தான். கால் மணி நேரத்தில் அவனுடைய முகம் தொங்கிவிட்டது.

"அக்கா... இது ஒட்டு இல்ல. நெசமான படம்."

"உண்மைக்குப் பசை தேவையில்ல தம்பி" என்றார் மோகனராஜ். சுற்றி நின்ற இலை நிறத்தார் சிரித்தார்கள்.

ஹமீதா மட்டும் படத்தின் முன்னால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நின்றுகொண்டே இருந்தார். "ரொம்ப அழகா வந்திருக்கு. ஒரு படம் நல்ல படம்னு எதை வச்சு முடிவு பண்ணுவீங்க?"

"கண்ணு மேடம்! கண்ணு!" தலைவர் சூடுபிடித்துவிட்டார். "மொதல்ல பெரிசாக்கிக் கண்ணைப் பார்ப்போம். கண்ணு கூர்மையா இருந்தா படம் பாஸ். குட்டியோட இமை முடியைப் பாருங்க, எண்ணிரலாம்."

"அப்புறம் மத்தது எல்லாத்தையும் பார்ப்பீங்க."

"கண்ணு சரியா இருந்தா மத்தது எதுக்கு?"

"நல்லது" என்றார் ஹமீதா. அவர் 'நல்லது' என்று சொன்னால் எவருக்கோ நல்லதன்று என்பது குகனுக்குத் தெரியும். "கொரங்குக் கண்ணு இவ்வளவு கூர்மை. வடிவம்மா மூஞ்சி ஏன் கலங்கலா இருக்கு?"

"அசைஞ்சிருப்பாங்க. தப்பு செய்யறவங்க அசைவாங்க."

"வாழைப்பழமும் தப்பு செஞ்சுதோ? அதுவும் கலங்கலாத்தான் இருக்கு."

மோகனராஜ் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்.

"எங்க நின்னு எடுத்தீங்க?"

"ரோட்டுல. சும்மா நடந்து போய்க்கிட்டிருந்தேன். கண்ணுல பட்டுச்சு."

சும்மா நடந்து போகும்போது தோளில் பீரங்கியைச் சுமந்து போகும் மனிதரை அடுத்த சுவர் இன்னும் நன்றாக அறிமுகப்படுத்தியது. முதல் பரிசு பெற்ற அவருடைய படம் அங்கே இருந்தது: பாசி படர்ந்த கிளையில் அதே இனத்துத் தாயும் குட்டியும். 'அடர்வனத்தின் அரசி' என்பது தலைப்பு. அதை எடுப்பதற்காக அவர் அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்துச் சேற்றில் படுத்திருந்த வரலாற்றை ஓர் உறுப்பினர் கண்கள் பனிக்க எடுத்துரைத்தார். ஹமீதா அரசியின் கண்ணருகே மூக்கை வைத்துப் பார்த்தார்.

"குகன், இந்தக் கண்ணுக்குள்ள வெள்ளையா ஒரு கோடு. என்ன அது?"

"எதுக்கால இருக்கற வெளிச்சம்க்கா. கண்ணுல விழும். கல்யாணப் பொண்ணு கண்ணுல என் ஃப்ளாஷ் விழுந்த மாதிரி."

"காட்டுல வெளிச்சம் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரியா விழும்?"

குகன் வாயைத் திறந்தான். திறந்த வாயைக் குடையின் முனை வாசலை நோக்கித் திருப்பியது.

*

தண்ணீர்மலை அடிவாரத்துக்குக் காரில் போகும் வழியெல்லாம் குகன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். ஒட்டுவேலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன சொல் அவனை உள்ளேயிருந்து குத்திக்கொண்டிருந்தது.

வடிவம்மாள் கடையின் முன்னால் இறங்கியதும் ஹமீதா கேட்ட முதல் கேள்வி: "அந்தக் கொரங்கு உக்காரற மரம் எது வடிவம்மா?"

வடிவம்மாள் கத்தியால் சுட்டிக்காட்டினார். கடைக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம். அதற்கும் அப்பால் ஓடை. ஓடையின் மறுகரையில் இருந்தது மரம்.

குகன் கடையைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், வடிவம்மாளின் கைகளைப் பார்த்தான். "இங்கேருந்து அங்க பழம் நீட்டணும்னா, அம்மா, உங்களுக்குக் கை ரப்பர்ல செஞ்சிருக்கணும்."

"அப்ப படத்துல எப்படிப்பா என் மூஞ்சிகிட்ட வந்து உக்காந்துச்சு?"

சட்டென்று குகன் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். "சே! நீள லென்ஸு! தூரத்துல நின்னு அதுல எடுத்தா, முன்னாடி இருக்கறதும் பின்னாடி இருக்கறதும் நசுங்கி ஒண்ணாயிரும். ஒரு கல்யாணத்துல நான் மாடியில நின்னு அப்படி ஒண்ணு எடுத்தேன். மாப்பிள்ளை தோள்ல சமையக்காரர் தலை சாஞ்ச மாதிரி வந்துச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல மண்டபமே இருந்துச்சு!"

"அதான் வடிவம்மா மூஞ்சி கலங்கல், கொரங்குக் கண்ணு கூர்மை" என்றார் ஹமீதா. "ரெண்டும் ஒரு சாண் தூரத்துல இருந்தா ரெண்டும் ஒண்ணா தெளிவா இருக்கும். ஒண்ணு தெளிவு, ஒண்ணு கலங்கல்னா ரெண்டுக்கும் நடுவுல ஓடையே ஓடுதுன்னு அர்த்தம். படம் பொய் சொல்லல. கீழ எழுதுனவர் சொன்னார்."

"அப்ப முடிஞ்சதுலா!" என்று வடிவம்மாள் கத்தியைத் தேங்காயில் கொத்தி நிறுத்தினார்.

"முடியல. ஆபீசர் கேப்பாங்க: 'பழத்தை நீட்டுனது உண்மைதானே, யாருக்கு நீட்டுன?' என்ன சொல்வீங்க?"

வடிவம்மாள் யோசித்தார். நாள் முழுவதும் பழம் நீட்டுபவரிடம் எந்தப் பழத்தை யாருக்கு நீட்டினீர்கள் என்று கேட்பது, மழையிடம் எந்தத் துளி என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

"சரி, அது இருக்கட்டும். குகன், படத்துல கூரைக்கு மேல என்ன இருக்கு?"

குகன் கைப்பேசியைப் பார்த்தான். கடையின் தகரக் கூரை படத்தின் கீழ்ப்பகுதியில் சரிவாகத் தெரிந்தது. அதன்மேல் சிறிதாக வெள்ளையாக ஏதோ கிடந்தது. "பூப்பந்து மாதிரி இருக்கு. பேட்மிண்டன்ல அடிப்பாங்களே, அது."

"என் கூரைமேல பூப்பந்தா? எனக்கே தெரியாதே" என்றார் வடிவம்மாள். குகன் முக்காலியின் மேலேறி எட்டிப் பார்த்தான். பிய்ந்த இறகுகளோடு ஒரு பூப்பந்து அங்கே மழையிலும் வெயிலிலும் கிடந்து பழுத்திருந்தது.

"ரோட்டுல நின்னு பாத்தா தெரியுதா?"

அவன் சாலைக்கு இறங்கி நின்றான். பூப்பந்தும் தெரியவில்லை, கூரை மறைத்ததால் மரமும் தெரியவில்லை. பிறகு மெல்லத் திரும்பி, மரம், கடை, தான் என்று ஒரே கோட்டை மனத்தில் இழுத்து, அந்தக் கோட்டின் மறுமுனையை அண்ணாந்து பார்த்தான். சாலைக்கு அப்பால் தள்ளி நின்ற கொண்டோ அடுக்ககத்தில் எல்லாப் பால்கனிகளிலும் துணி காய்ந்தது. ஒரே ஒரு பால்கனியில் மட்டும் மரக்கிளை ஒன்று முளைத்திருந்தது. கம்பியில் கயிற்றால் கட்டப்பட்டு முளைத்திருந்தது.

"அக்கா. அடர்வனம் ஆறாவது மாடியில இருக்கு."

ஹமீதா பதில் சொல்வதற்குள், பச்சைத் துணிப்பையோடு ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். பையில் இருவாட்சிப் பறவையின் முத்திரை அச்சிடப்பட்டிருந்தது.

"வாங்க காமினி" என்றார் வடிவம்மாள். "வழக்கம்போல பிசாங் மாஸ் பழமா?"

"வேணாம்னு சொல்லத்தான் ஆசைக்கா. வாங்காமப் போனா அந்த மனுசன் கத்துவாரு. குடுங்க."

"வீட்டுல பிள்ளைங்க ரொம்பப் பழம் சாப்பிடுவாங்களோ?" என்று ஹமீதா மிக இனிமையாக விசாரித்தார்.

"பிள்ளையா? கொரங்கும்மா!"

"எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்றாங்க" என்றான் குகன்.

"தம்பி, இது வாலு வச்ச நெசக் கொரங்கு. வேணும்னா வந்து பாருங்க. இந்த ஊர்ல யாராச்சும் ஒருத்தர் வந்து பாத்து, எனக்குப் பைத்தியம் புடிக்கலன்னு சொன்னாப் போதும்."

*

ஒரு வீட்டைக் காடாக மாற்றுவதற்கு எவ்வளவு முயற்சி தேவை என்பதைக் குகன் அன்றுதான் அறிந்தான். மோகனராஜ், காமினி தம்பதியரின் ஆறாம் மாடி வீட்டுப் பால்கனியில் கட்டிய கிளைக்கு நெகிழிப் பாசி போர்த்தப்பட்டிருந்தது. அதன் கவையில் நேற்றைய பழத்தோல்கள் கறுத்துக் கிடந்தன. கிளைக்கு நேரே, உட்கூரையில், ஒரு நீண்ட குழல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. குகன் அதைப் பார்த்தான், அரசியின் கண்ணிலிருந்த வெள்ளைக் கோட்டை நினைத்தான், கைகூப்பிவிட்டான்.

"சரிக்கா, கொரங்கு இங்க உக்காருது. அண்ணன் எங்க உக்காருவாரு? லென்ஸே பாதி ஹால் நீளம் இருக்குமே."

காமினி உள்ளே அழைத்துச் சென்றார். சோபா சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தது. உணவு மேசை சமையலறைக்குள் தள்ளப்பட்டிருந்தது. குளிர்பதனப் பெட்டி கோணலாகத் திரும்பி நின்றது. கூடத்தின் குறுக்கே பால்கனியிலிருந்து தொடங்கிய அந்த வெற்றுப்பாதை நேராகச் சென்று முடிந்த இடம் கழிப்பறை.

கழிப்பறைக் கோப்பையின் மூடிமேல் ஒரு பட்டுத் தலையணை வைக்கப்பட்டிருந்தது. கேமரா முக்காலியின் கால்கள் ஊன்றிய தடங்கள் தரையில் பதிந்திருந்தன.

"இங்கேயா?" என்றான் குகன். குரலில் உண்மையான பக்தி ஒலித்தது.

"அந்தக் கொழாய்க்குக் கிட்ட இருக்கறது தெரியாதாம் தம்பி. கிட்டன்னா மங்கிப் போயிருமாம். அதனால ஹால்ல உக்காந்து பாத்தாரு, ஆகல. சோபாவைத் தள்ளுனாரு, ஆகல. பின்னால பின்னால போயி கடைசியா இங்க வந்து சேந்தாரு. செவுத்த இடிக்கலயேன்னு நான் சாமி கும்பிட்டேன். தெனம் காலையில கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு இதுமேல உக்காந்து காத்திருப்பாரு. நான் சோப்பும் துண்டும் எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போவேன்."

"போன்ல எடுத்தா முடிஞ்சதுலா! கொரங்கு இங்கதானே இருக்கு!" என்றான் குகன்.

"போன்லயா? கழகத்துல மானம் போயிரும். பின் வரிசை."

குகன் தலையணையின் மேல் அமர்ந்து பார்த்தான். கூடத்தின் நீளத்துக்கு அப்பால் பாசிக்கிளை, அதற்குப் பின்னால் மலையின் பச்சை. அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்த மாவீரரின் அரியணை மிகவும் வசதியாகத்தான் இருந்தது.

ஹமீதா சிரிக்கவில்லை. "கொரங்கு தெனம் வர்றது மத்த வீட்டுக்காரங்களுக்குத் தெரியாதா?"

"ஏன் தெரியாது? வயரு மேல ஏறி எல்லார் வீட்டுக்குள்ளயும் பூந்து சோத்துப் பானையக் கவுக்குது. போன மாசம் ஒண்ணு ரோட்டக் கடக்கும்போது காரு அடிச்சுச் செத்துப் போச்சு. யாரு தீனி போட்டுப் பழக்குறதுன்னு மேனேஜ்மென்ட் தேடுது. எனக்குப் பயமா இருந்துச்சு. 'பயப்படாத, ஆளைக் காட்டிட்டேன், முடிஞ்சது'ன்னு சொன்னாரு."

"யாரைக் காட்டினாருன்னு சொன்னாரா?"

"நான் கேக்கல. இவரு படத்தை எல்லாம் நான் பாக்கறதே இல்ல."

மூன்று மணிக்கு அதிகாரி வரப்போவதைச் சொல்லி, ஹமீதா கைப்பேசியை அவர் கையில் வைத்தார். காமினி வடிவம்மாளின் முகத்தைப் பார்த்தார். அதன் கீழிருந்த வாசகத்தைப் படித்தார். கடையில் இளநீர் வெட்டிக்கொண்டே தன் நலத்தை விசாரிக்கும் முகம் அது. பிறகு, அவருடைய கணவர் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தார். குரங்கின் கண்ணை விட்டுவிட்டுப் படத்தின் ஓரத்துக்குப் போனார்.

இடது ஓரத்தின் கீழ் மூலையில், கலங்கலாக, பச்சையாக ஒரு துணியின் முனை. அதைப் பிடித்தபடி பழத்தை வாங்குவதற்கு நீண்ட விரல்கள். மணிக்கட்டில் இரண்டு சிவப்பு வளையல்கள்.

காமினி தம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். சிவப்பு வளையல்கள் அங்கேயே இருந்தன.

"இது என் கை" என்றார்.

பால்கனியில் எதுவோ தொம்மென்று குதித்துக் கிளையை ஆட்டிப் பார்த்து, பழம் இல்லாததால் ஓடிவிட்டது.

"அந்தக்கா என்கிட்டதான் பழம் குடுத்துச்சு. நான் வாங்கிட்டு வர்றதப் பாத்துக்கிட்டே மேலேருந்து எடுத்திருக்காரு. எடுத்துட்டு..." காமினி பச்சைப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "மூணு மணின்னு சொன்னீங்க. எறங்குங்க, போவோம்."

*

அதிகாரி நோர்மா நேரம் தவறாமல் வந்தார். அவருக்கு முன்னரே மோகனராஜ் வந்துவிட்டார். வெற்றியைப் பதிவு செய்வதற்காக முக்காலியில் பீரங்கியையும், சாட்சிக்காகச் சட்டமிட்ட படத்தையும், கைதட்டலுக்காக இலை நிறத்தார் நால்வரையும் உடன் அழைத்து வந்திருந்தார். காமினி, ஹமீதாவின் சொற்படி, இளநீர்க் குவியலுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார்.

நோர்மா மலாயில் கேட்கவும் ஹமீதா மலாயில் விளக்கவும் நீண்ட நேரமாகவில்லை. ஓடையின் மறுகரை மரத்தைக் காட்டினார். கூரைமேல் கிடந்த பூப்பந்தைக் காட்டினார். ஆறாம் மாடியில் முளைத்த கிளையையும், படத்தின் ஓரத்தில் பச்சைப் பையோடு நீண்ட கையையும் காட்டினார். அதிகாரி ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத் தலைவரிடம் திரும்பினார்.

"சாலையிலிருந்து எடுத்ததாகத்தானே புகாரில் எழுதிக் கொடுத்தீர்கள்?"

"மறந்திருப்பேன்" என்றார் மோகனராஜ், சற்றும் கலங்காமல். "எங்கேருந்து எடுத்தா என்ன? பழத்தை நீட்டுனது உண்மை. அந்த ஓரத்துல இருக்கற கை யாரோடதோ. பச்சைப் பை ஊர் முழுக்க இருக்கு."

"அதுல ஒண்ணு இந்தாங்க" என்றபடி குவியலின் பின்னாலிருந்து காமினி எழுந்தார். "புடிங்க."

இத்தனை ஆண்டு மணவாழ்வில் மனைவி நீட்டியதைக் கேள்வி கேட்காமல் வாங்கிப் பழகிய கை, பையை வாங்கிவிட்டது. உள்ளே பழம் சுற்றிய தாள் சரசரத்தது.

ஓடைக்கு அப்பால் மரம் அசைந்தது.

முதலில் மின்கம்பி ஆடியது. பிறகு தகரக் கூரையில் தடதடவென்று ஓசை கேட்டது. பூப்பந்து உருண்டு வந்து நோர்மாவின் காலடியில் விழுந்தது. அடர்வனத்தின் அரசி, வயிற்றில் ஆரஞ்சுக் குட்டியோடு, அங்கே நின்ற அத்தனை மனிதர்களையும் பழக்கடையில் தொங்கிய அத்தனை சீப்புகளையும் அலட்சியம் செய்துவிட்டு, நேரே பீரங்கியின் மேல் இறங்கி அமர்ந்தாள். அமர்ந்தவள் ஒரு கையைத் தலைவரின் தோளில் ஊன்றினாள். மற்றொரு கையைப் பைக்குள் விட்டாள். உரிமையுள்ளவர்கள் தேடும் விதமே தனி.

"என்னைப் பாக்கக்கூட இல்ல பாருங்க" என்றார் வடிவம்மாள். "இவ்வளவு பழத்த வச்சுக்கிட்டு நிக்கிறேன், என்னை யாருன்னே தெரியல அதுக்கு!"

இலை நிறத்தார் நால்வரும் அடியெடுத்துப் பின்வாங்கினார்கள். மோகனராஜ் ஒருவர்தாம் அசையவில்லை. அவருடைய வாழ்நாளில் எந்த விலங்கும் இவ்வளவு அருகில் வந்து, இவ்வளவு ஒளியில், இவ்வளவு நிதானமாக அமர்ந்ததில்லை. மானம் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்திலும் பழக்கம் விடவில்லை. அவர் மெல்லக் குனிந்து கேமராவில் கண்ணை வைத்து, லென்ஸை அரசியின் குட்டிப் பக்கமாகத் திருப்பப் பார்த்தார். அது முனகியது, முன்னும் பின்னும் தேடியது, மறுபடி முனகியது. எதிரே கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு கலங்கல் மட்டுமே இருந்தது. பின்னால் போக வேண்டும். பின்னால் போவதற்கு அங்கே கழிப்பறை இல்லை.

குகன் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தான். 'டிக்' என்று ஒரு சிறு ஓசை கேட்டது. குரங்கின் கண், குட்டியின் இமை, பைக்குள் நுழைந்த கை, தலைவரின் முகம், காமினியின் வளையல், வடிவம்மாளின் சிரிப்பு எல்லாம் ஒரே தெளிவில் விழுந்தன.

நோர்மா பூப்பந்தைக் குனிந்து எடுத்துப் பழத்தட்டின் ஓரத்தில் வைத்தார். கடை இருக்கும் இடத்திலேயே இருக்கும் என்று வடிவம்மாளிடம் சொன்னார். மோகனராஜிடம், வனவிலங்குத் துறையினரும் அவரைச் சந்திக்க விரும்புவார்கள் என்றார். இறுதியாகக் குகனைப் பார்த்தார்.

"அந்தப் படத்தை எனக்கு அனுப்ப முடியுமா?"

"இப்பவே அனுப்பறேன்!" குகன் விரல்களைத் திரையில் வைத்தான். தலைவரையும் குரங்கையும் மட்டும் நிறுத்தி மற்றதை நறுக்கிவிட்டால் படம் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது, நறுக்கத் தொடங்கினான்.

குடையின் முனை அவன் மணிக்கட்டில் தட்டியது.

"வெட்டாம அனுப்பு" என்றார் ஹமீதா. "கழகத்து ரூல்."